டெட்லைன் முடிஞ்சப்புறம் பாத்தா நான் சப்மிட் பண்ணது சீனியரோட ஃபைல்

தூங்காத_ராத்திரி (இரவு 12:52)

யாராச்சும் முழிச்சிருந்தா சொல்லுங்க ப்ளீஸ், கை நடுங்குது ஒழுங்கா டைப் கூட பண்ண முடியல. நான் எம்.இ. என்விரான்மென்டல் ஃபர்ஸ்ட் இயர், கொங்கு பக்கம் ஒரு காலேஜ், பேரு வேண்டாம். வாட்டர் குவாலிட்டி அசைன்மென்ட், இன்டர்னல்ல 10 மார்க், ராத்திரி 11:59க்குள்ள கூகுள் க்ளாஸ்ரூம்ல போடணும், காலைல ஸ்பைரல் போட்ட ஹார்ட் காப்பியும் குடுக்கணும். ஆளுக்கொரு ஏரியா குடுத்தாங்க. எனக்கு திருப்பூர் பக்கம் நொய்யல் கரையோரம் ஆறு கெணறு. நானே பஸ்ல போயி பாட்டில் பாட்டிலா தண்ணி புடிச்சுட்டு வந்து டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு மாதிரி பொருளோட அளவு), ஹார்ட்னஸ், குளோரைடு எல்லாம் லேப்ல பாத்து 22 பக்கம் எழுதுனேன். ஒரு கெணத்துல டிடிஎஸ் 2140 வந்துச்சு, அத நம்பாம மூணு தடவ பாத்தேன், அவ்ளோ உழைச்சிருக்கேன்னு சொல்றதுக்காக சொல்றேன்.

8:30க்கே வேலை முடிஞ்சுது. சாப்ட்டு, பாத்திரம் கழுவி, அம்மாவுக்கு ஊசி போட்டுட்டு 11:40க்கு லேப்டாப்ப தொறந்து தூக்க கலக்கத்துல ஃபைல அட்டாச் பண்ணி டர்ன் இன் குடுத்துட்டு படுத்துட்டேன். 12:15க்கு ஃப்ரெண்டு கூப்ட்டு டேபிள் எப்படி போட்டேன்னு கேட்டா, பாத்து சொல்லலாம்னு க்ளாஸ்ரூம தொறந்தா மொத பக்கத்துல போன வருசத்து சீனியர் அண்ணா பேரு, ரெஜிஸ்டர் நம்பர், பவானி சாம்பிள்!! ஃபார்மட் பாக்கறதுக்காக அவர்கிட்ட வாங்கி வெச்சிருந்த பிடிஎஃப். அதுவும் டவுன்லோட்ஸ்ல 'அசைன்மென்ட் 2 ஃபைனல்', என்னுதும் டெஸ்க்டாப்ல 'அசைன்மென்ட் 2 ஃபைனல்'. அட்டாச் பண்ற பாக்ஸ் டவுன்லோட்ஸ்ல தொறந்திருக்கு, பேர மட்டும் பாத்து க்ளிக் பண்ணிப்போட்டேன்.

இப்ப அன்சப்மிட் பண்ணிட்டு சரியானத போடட்டுமா, இல்ல காலைல மேம நேர்ல பாத்து சொல்லட்டுமா? லேட்டுன்னு மார்க் போனா கூட பரவால்ல, காப்பி அடிச்சேன்னு நெனச்சுருவாங்களோன்னுதான் வயித்த கலக்குது. அந்த மேம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்.

இன்னொண்ணு. பதட்டத்துல என்னோட வேர்டு ஃபைல தொறந்தேன், டேபிள் 4ல 'கெணறு 3'னு ரெண்டு தடவ இருந்துச்சு, கெணறு 4னு மாத்தி மறுபடி அதே பேர்லயே பிடிஎஃப்பா சேவ் பண்ணிட்டேன். அது தப்பா?

-----

பேக்பெஞ்ச்_பாண்டி (இரவு 12:58)

தங்கச்சி இதுக்கெல்லாமா அழுவுறது. நான் யுஜில தர்ட் செம்ல வெறும் டெம்ப்ளேட்ட சப்மிட் பண்ணேன், 'இங்கே தலைப்பை எழுதவும்'னு அப்படியே இருந்துச்சு. எட்டு மார்க் வந்துச்சு பத்துக்கு. கம்முனு படுத்து தூங்கு, எவனும் தொறந்து பாக்க மாட்டான்.

-----

தூங்காத_ராத்திரி (இரவு 1:00)

அண்ணா சிரிப்பு வர்ற நேரமா இது. இந்த மேம் ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல கமா விட்டா கூட சிவப்புல சுழிப்பாங்க.

-----

யுகேல_ஒருத்தன் (இரவு 1:06)

மொதல்ல அன்சப்மிட்ல கைய வெக்காத, ஒரு அஞ்சு நிமிசம் பொறு. க்ளாஸ்ரூம்ல டைம் முடிஞ்சப்புறம் அன்சப்மிட் பண்ணி திரும்ப குடுத்தா அது லேட்டுன்னுதான் விழும், இப்ப ஆன் டைம்னு காட்டிட்டு இருக்கறதும் போயிரும். பழைய ஹிஸ்டரி மேமுக்கு தெரியும்தான், ஆனா அவங்க அத தேடிப் போயி பாக்கணும். அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம நீயா ஃபைல மாத்தி வெச்சா அதுதான் திருட்டுத்தனமா தெரியும். மெயில் போட்டு சரியான ஃபைல அதுலயே அட்டாச் பண்ணு, இப்பவே, விடியறதுக்கு முன்னாடி. அவங்க ரிட்டர்ன் பண்ணா திரும்ப போடலாம்.

என் கத சொல்றேன். இங்க மாஸ்டர்ஸ் வந்த புதுசுல மத்தியானம் 12 மணி டெட்லைன், நான் ராத்திரி 12னு நெனச்சு தூங்கிருப்பேன், நல்லவேள கூட இருந்த பையன் எழுப்புனான். 11:50க்கு அவசர அவசரமா டர்ன்இட்டின்ல (காப்பி இருக்கான்னு பாக்கற சாஃப்ட்வேர்) ஏத்துனது டிராஃப்ட் டூ. நடுவுல 'இங்க கிராஃப் போடணும் மறக்காத'ன்னு மஞ்சள் கலர்ல நானே எழுதி வெச்சது வரைக்கும் அப்படியே போச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சேன், மெயில் போட்டா ஒரே வரில பதில், சரியான ஃபைலா இருக்கறத பாத்துக்கறது மாணவர் பொறுப்பு, சமர்ப்பிச்சதத்தான் திருத்துவோம்னு. ஹேண்ட்புக்ல நெஜமாவே அப்படித்தான் இருந்துச்சு, நான்தான் படிக்கல. அந்த டிராஃப்டுக்கே மார்க் போட்டாங்க, பாஸ் ஆனேன் அவ்ளோதான். ரெண்டு நாள் விடாம ஒரு மணி நேரத்துல சொல்லிருந்தா வேற மாதிரி போயிருக்கும்னு ட்யூட்டரே அப்புறம் சொன்னாரு.

டர்ன்இட்டின்ல இன்னொரு தொல்ல இருக்கு. தப்பான டிராஃப்ட் அவங்க ரெபாசிட்டரில (வந்த ஃபைல் எல்லாம் சேத்து வெக்கற எடம்) உக்காந்துருச்சுன்னா, சரியானத வேற அசைன்மென்ட் லிங்க்ல குடுக்கறப்ப உன் எழுத்தோடயே உன் எழுத்து மேட்ச் ஆகி சிவப்பா வரும். ஒரே லிங்க்ல டியூ டேட்டுக்கு முன்னாடி மாத்தி மாத்தி போடறது வேற, ஆனா அங்கயும் மூணு தடவைக்கு மேல போனா ரிப்போர்ட் வர 24 மணி நேரம் ஆக்கிருவான். உனக்கு க்ளாஸ்ரூம்தானே, தப்பிச்ச.

-----

வாத்தியார்_80 (இரவு 1:19)

பேப்பர் திருத்திட்டு இருந்தேன், கண்ணுல பட்டுது. நானும் இன்ஜினியரிங் காலேஜ்தான், இருபது வருசம் ஆச்சு, அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

பேக்பெஞ்ச் தம்பி சொல்றத நம்பாதம்மா. 60 பேர் க்ளாஸ்ல மூணு நாலு பேராவது ஒவ்வொரு தடவையும் தப்பு ஃபைல் போடுவாங்க, எங்களுக்கு இது புதுசில்ல. போன மாசம் ஒரு பையன் அனுப்புனது மொத்தமே 162 பைட்டு. தொறந்தா தொறக்கல. பேர பாத்தா முன்னாடி ~$ன்னு இருக்கு. வேர்டுல ஃபைல் தொறந்திருக்கும்போது அது பக்கத்துலயே ஒரு குட்டி மறைஞ்ச ஃபைல உண்டாக்கி வெச்சுக்கும், யார் தொறந்திருக்காங்கன்னு குறிச்சு வைக்க, அதப் போயி புடிச்சு அனுப்பிருக்கான். இன்னொரு பொண்ணு கூகுள் டாக்ஸோட ஜிடாக் ஃபைல். கம்ப்யூட்டர்ல ட்ரைவ் ஃபோல்டர்ல பாத்தா டாக்குமென்ட் மாதிரியே இருக்கும், உள்ள வெறும் லிங்க்தான், ஒரு எழுத்து இருக்காது. டெஸ்க்டாப் ஷார்ட்கட்ட ஏத்துனவங்க உண்டு. இதெல்லாம் அப்பாவித்தனமான தப்புன்னு பாத்த உடனே தெரிஞ்சுரும். ஆனா வேணும்னே கெட்டுப்போன ஃபைல அனுப்பிட்டு, 'சார் ஏன் தொறக்கலன்னு தெரியல'ன்னு ரெண்டு நாள் வாங்குறவங்களும் இருக்காங்க, அதுக்குன்னே காசுக்கு ஃபைல் வித்த சைட்டு இருந்த காலம் உண்டு. அதனாலதான் நாங்க தப்பு ஃபைல்னு சொன்னா கொஞ்சம் மூக்க சுளிக்கறோம். கோவிச்சுக்காதீங்க.

உன் கேஸ்ல காப்பின்னு நெனைப்பாங்களான்னு கேட்டல்ல. யோசிச்சுப் பாரு, உனக்கு குடுத்தது நொய்யல், அதுல இருக்கறது பவானி. காப்பி அடிக்கறவ மொத பக்கத்துல அடுத்தவன் பேரையும் ரெஜிஸ்டர் நம்பரையும் மாத்தாமயா குடுப்பா? மேமுக்கு இது புரியும். அவங்க கேக்கப்போற கேள்வி வேற, 'சரியான ஃபைல் டெட்லைனுக்கு முன்னாடி ரெடியா இருந்துச்சா, இல்ல எதையோ ஒண்ண போட்டு நேரம் வாங்கிட்டு ராத்திரி பூரா எழுதுனியா'ங்கறதுதான். அத நிரூபிக்கற பொறுப்பு உன்னுது.

அங்கதான் நீ ஒரு வேல பண்ணி வெச்சிருக்க. அந்த டேபிள் தலைப்ப திருத்தி அதே பேர்ல சேவ் பண்ணதுல பிடிஎஃப் தேதி 12:30ன்னு ஆகிருக்கும், வேர்டு ஃபைலும் அப்படித்தான். ஆதாரத்த நீயே அழிச்சுட்ட. சரி, பழைய காப்பி வேற எங்கயாவது போச்சா? ட்ரைவ், மெயில், ஃப்ரெண்டு, பென் ட்ரைவ்? காலைல ஸ்பைரல் போட்டு குடுக்கணும்னியே, பிரிண்ட்டுக்கு எப்ப அனுப்புன?

-----

தூங்காத_ராத்திரி (இரவு 1:24)

சார்!!!!! ஜெராக்ஸ் கடை அண்ணாவுக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்புனேன்!! 8:47ன்னு இருக்கு! காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்ல இருக்கற கடை, எட்டரைக்கு மேல ஷட்டர் போட்டுருவாரு, இருந்தாலும் அனுப்பி வெச்சா காலைல வந்த உடனே போட்டு வெப்பாரு. 'அண்ணா 22 பக்கம், ஒரு பக்கம் மட்டும், ஸ்பைரல்'னு நான் எழுதுனதும் அவரு கட்டவிரல் போட்டதும் இருக்கு. இது ஏன் எனக்கு தோணவே இல்ல

-----

வாத்தியார்_80 (இரவு 1:31)

போதும், படுக்கறதுக்கு முன்னாடி இத மட்டும் பண்ணு. அந்த சாட்ல இருந்தே பிடிஎஃப்ப இறக்கி தனி ஃபோல்டர்ல வை, அத தொறந்து எதையும் திருத்தாத, ஒரு எழுத்து கூட. வாட்ஸ்ஆப்ல டாக்குமென்ட்டா அனுப்புனா போட்டோ மாதிரி நசுக்காது, போன ஃபைல் போன மாதிரியே இருக்கும். பிடிஎஃப் உள்ளயே எப்ப உருவாச்சுன்னு நேரம் எழுதிருக்கும், அக்ரோபேட் ரீடர்ல தொறந்து கன்ட்ரோல் டி அழுத்துனா வரும், 8:30 சொச்சம்னு காட்டணும்.

மெயில நாலு வரில முடி. ரெஜிஸ்டர் நம்பர், எந்த அசைன்மென்ட், தவறுதலா ஃபார்மட்டுக்காக வெச்சிருந்த இன்னொருத்தரோட ஃபைல் போயிருச்சு, என்னோட ஃபைல் இத்தன மணிக்கே முடிஞ்சது அதுக்கு ஆதாரம் இருக்கு, காலைல நேர்ல வந்து காட்டறேன், நீங்க எப்படி முடிவு பண்ணாலும் சரி. அவ்ளோதான். அம்மாவுக்கு ஊசி போட்டேன், தூக்க கலக்கம், கரண்ட்டு, இதெல்லாம் எழுதாத. உண்மையாவே இருந்தாலும் எழுதாத. நாங்க அத ஆயிரம் தடவ படிச்சிருக்கோம், உண்மையும் அந்த கூட்டத்துல சேந்து பொய்யாயிரும். இணைக்க வேண்டியது அந்த 8:47 பிடிஎஃப், திருத்துனது இல்ல. அந்த கெணறு 3 தப்போடயே போகட்டும்.

க்ளாஸ்ரூம்ல ப்ரைவேட் கமென்ட்லயும் 'மேம், மெயில் அனுப்பியிருக்கேன்'னு ஒரு வரி போடு. ப்ரைவேட் கமென்ட். க்ளாஸ் கமென்ட்ல போட்டுட்டு காலைல 60 பேரும் சிரிக்க வெச்சுறாத, அதையும் பாத்திருக்கேன்.

-----

வடமராட்சி (இரவு 1:40)

அக்கா பயப்பிடாதேங்கோ. எனக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். நான் போட்டது சரியான ஃபைல்தான், ஆனா போடவேயில்ல 😭 எங்கட கம்பஸில மூடுல், அசைன்மென்ட் போடுற சைட். ஃபைல அப்லோட் பண்ணி சேவ் எண்டு குடுத்தாப் பிறகு கீழ இன்னொரு பட்டன் இருக்கும், சப்மிட் அசைன்மென்ட் எண்டு, எல்லா மொடியூலுக்கும் அது வராது, அந்த லெக்சரர் மட்டும் அப்பிடி செட் பண்ணி வச்சிருந்தவர். நான் சேவ் குடுத்தவுடன முடிஞ்சுது எண்டு நினைச்சு நித்திரையாப் போட்டன். மூண்டு நாள் கழிச்சுப் பாத்தா டிராஃப்ட், நொட் சப்மிட்டட் எண்டு கிடக்கு. சிவப்பு நிறத்திலயும் இல்ல, சாதாரணமா சின்ன எழுத்தில, ஆருக்குத் தெரியும்?

அழுதுகொண்டு போய் சேரிட்ட சொன்னன். அவர் தன்ர ஸ்கிரீனில பாத்திட்டு, டிராஃப்ட் எனக்கும் தெரியுது, ஃபைல் ஏத்தின நேரமும் தெரியுது, டியூ டேட்டுக்கு முந்தினது எண்டு சொல்லி அதையே எடுத்துத் திருத்தினார். மூடுலில டியூ டேட் வேற, கட்-ஓஃப் டேட் வேற எண்டதும் அண்டைக்குத்தான் தெரியும். டியூ முடிஞ்சாலும் கட்-ஓஃப் வரைக்கும் வாங்கும், லேட் எண்டு குறிச்சுக்கொண்டு. கட்-ஓஃப் முடிஞ்சா கதவு பூட்டினதுதான், அவையாப் பாத்து எக்ஸ்டென்ஷன் தந்தா மட்டும் திறக்கும்.

அந்த சேர் ஆரோடயும் சிரிச்சுக் கதைக்கிற ஆளே இல்ல. உங்கட மேமும் அப்பிடித்தான் இருப்பா. போய்க் கதையுங்கோ.

-----

பேக்பெஞ்ச்_பாண்டி (இரவு 1:44)

சார் உங்க கிட்ட ஒரு டவுட்டு. அப்ப என் டெம்ப்ளேட்டுக்கு எட்டு மார்க் போட்டவரு யாரா இருக்கும்?

-----

வாத்தியார்_80 (இரவு 1:47)

தம்பி, செமஸ்டருக்கு அஞ்சு சப்ஜெக்ட், லேப், மார்க் என்ட்ரி, ஆடிட்டுக்கு ஃபைல் அடுக்கற வேல, இதுக்கு நடுவுல ஒரு ஆள் 120 அசைன்மென்ட்ட எப்ப படிப்பாருன்னு கேட்டா என்கிட்டயும் பதில் இல்ல. அவரு பண்ணது தப்புதான். நான் அவரு இல்ல.

-----

தூங்காத_ராத்திரி (இரவு 1:58)

மெயில் போட்டுட்டேன், 1:52. ப்ரைவேட் கமென்ட்டும் போட்டுட்டேன், நாலு தடவ பாத்துட்டுதான் போட்டேன். பிடிஎஃப்ல 8:33ன்னு காட்டுது சார். தூக்கம் வருமான்னு தெரியல.

-----

யுகேல_ஒருத்தன் (இரவு 2:03)

இனிமே அட்டாச் பண்ணதும் அங்கயே அத தொறந்து மொத பக்கம் கடைசி பக்கம் பாத்துட்டு அப்புறமா டர்ன் இன் அழுத்து. அடுத்தவங்க ஃபைல வாங்குனா மொத வேலையா அவங்க பேர அதுக்கு வெச்சுரு. நான் இப்பல்லாம் ஃபைல் பேர்லயே தேதி, மாட்யூல் கோடு, என் இனிஷியல் எல்லாம் போடறேன், பாக்க ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருக்கும், ஆனா மாறாது.

-----

தூங்காத_ராத்திரி (மறுநாள் மாலை 6:20)

எல்லாருக்கும் தேங்க்ஸ், என்னாச்சுன்னு சொல்லிர்றேன்.

காலைல 8:40க்கே ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னேன். மேம் வந்து பேக்க கூட வெக்காம 'மெயில் பாத்தேன், காட்டு'ன்னாங்க. போன குடுத்தா ஜெராக்ஸ் கடை சாட்ட மேல மேல தள்ளிட்டு போறாங்க, அதுல 'ஆதார் ரெண்டு காப்பி', 'மார்க்ஷீட் கலர் ஒண்ணு', 'அண்ணா மறந்துட்டேன் நாளைக்கு காசு தர்றேன்' எல்லாம் இருக்கு, எனக்கு மானமே போச்சு. அப்புறம் லேப்டாப்ல பிடிஎஃப்ப தொறந்து அவங்களே கன்ட்ரோல் டி அழுத்துனாங்க! சார் சொன்னது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

அன்சப்மிட் பண்ணாம விட்டதுக்கு ஒண்ணும் சொல்லல, அவங்களே ரிட்டர்ன் பண்ணாங்க, அவங்க முன்னாடியே போட வெச்சாங்க. லேட்டுன்னுதான் காட்டுது, அதுக்கு ஒரு மார்க் போகும்னு சொல்லிட்டாங்க. காப்பின்னு ஒரு வார்த்த கேக்கல. ஆனா சீனியரோடதையும் என்னுதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டு, 'ஹெட்டிங் வரிசை, டேபிள் கட்டம் எல்லாம் அவனுதாட்டமே இருக்கு, உனக்குன்னு ஒரு டேபிள் போட தெரியாதா'ன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்குத்தான் தல குனிஞ்சேன். அது உண்மைதானே. 2140 பத்தி மட்டும் உக்கார வெச்சு கேட்டாங்க, எந்த கெணறு, எத்தன தடவ பாத்த, குடிக்கிற தண்ணிக்கு பிஐஎஸ்ல (இந்திய தர நிர்ணய அமைப்பு) 500தான் ஏத்துக்கற அளவு, வேற வழியே இல்லாட்டிதான் 2000 வரைக்கும், அதையும் தாண்டுதே அந்த தண்ணிய யாராச்சும் குடிக்கறாங்களான்னு. இல்ல மேம், மாட்டுக்கு கூட வெக்கறதில்ல, துணி தொவைக்க மட்டும்னு சொன்னேன். அத ஏன் ரிப்போர்ட்ல எழுதலன்னாங்க. எழுதணும்னு எனக்கு தெரியலைங்க.

நான் திருத்துன ஃபைல போடவே விடல. 8:33க்கு இருந்தது எதுவோ அதுதான்னுட்டாங்க. அதனால கெணறு 3 ரெண்டு தடவ இருக்கற டேபிள் 4தான் போச்சு, மத்தியானம் ஹார்ட் காப்பிய திருத்தி குடுத்தாங்க, அந்த ரெண்டாவது கெணறு 3 மேல சிவப்புல பெரிய சுழி, அதுக்கு அரை மார்க்.

ஜெராக்ஸ் அண்ணாகிட்ட ஓடிப்போயி 'அண்ணா நீங்கதான் காப்பாத்துனீங்க'ன்னு சொன்னா அவருக்கு ஒண்ணும் புரியல, 'பழைய பாக்கி 14 ரூவா இருக்குது பாப்பா'ன்னாரு.